பத்தாம் வகுப்புக்குத் தனியே வந்த குரல்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த ஒன்பதாம் நாள், காலை ஒன்பது நாற்பதுக்கு, திரிஷாவின் குரல் மட்டும் தனியாகப் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு வந்து மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தது. திரிஷா அந்த நேரத்தில் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறிவீடு ஒன்றில், தறிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். தீர்ந்துபோன பாவின் நுனியோடு புதுப்பாவின் நுனியை, விரலில் சாம்பல் தொட்டு, இழைக்கு இழை முறுக்கிச் சேர்க்கிற வேலை அது. ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. மேல்வதியூர் அரசு உயர்நிலைப் பள்ளியின் கணக்கு டீச்சர் பெரியநாயகி, அந்த வகுப்பின் பொறுப்பும் அவருடையதுதான், வருகைப் பதிவேட்டைப் பார்த்து “திரிஷா” என்று கூப்பிட்டார். “உள்ளேன் டீச்சர்” என்று பதில் வந்தது. ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனவர், இரண்டு பெயர் தாண்டித்தான் தலையை நிமிர்த்தினார். மூன்றாம் பெஞ்சில் சிம்ரனுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் இல்லை. சிம்ரன் மட்டும் ஒதுங்கி இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

மேல்வதியூர், முசரவாக்கத்துக்கும் திருப்புட்குழிக்கும் நடுவில், பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முதலில் காலனி, அப்புறம் ஊர், ஊரைத் தாண்டி ஏரிக்கரை ஓரமாகப் பள்ளிக்கூடம். திரிஷா காலனிப் பெண். அப்பா சிட்டிபாபு சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர், அம்மா மரியம்மாள் நெடுஞ்சாலையோரக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். காலாண்டுப் பரீட்சையில் திரிஷா கணக்கில் பதிமூன்று மார்க் வாங்கினாள். விடுமுறைக்கு முந்தின வாரமே பெரியநாயகி டீச்சர் விடைத்தாளை அவள் கையில் கொடுத்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் கால் வைக்கலாம் என்றார். இது அவர் கண்டுபிடித்த தண்டனை இல்லை. அந்தப் பள்ளிக்கூடம் கட்டிய நாளிலிருந்து எல்லா வாத்தியார்களும் வாய் வலிக்காமல் சொல்லிவந்த வாக்கியம்தான். அந்த வாக்கியத்துக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு மருந்தும் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் டீக்கடை வைத்திருக்கும் முருகேசன், சட்டையை மாற்றிக்கொண்டு, யார் கேட்டாலும் அப்பாவாக வந்து நிற்பார். ஏழெட்டு வருஷத்தில் அவர் முப்பது பிள்ளைகளுக்காவது அப்பாவாக இருந்திருப்பார். காசு வாங்கமாட்டார், பொழுதுபோக வேண்டுமே. திரிஷாவுக்கும் வந்தார். கெட்ட நேரம், அதற்கு முந்தின வாரம்தான் அவர் அதே வகுப்பு அஜித்தின் அப்பாவாக வந்து இதே டீச்சர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருந்தார். பெரியநாயகி இரண்டு பேரையும் வெளியே அனுப்பி, நிஜ அப்பா வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

நிஜ அப்பா வரமாட்டேன் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. திரிஷா இரண்டாம் தடவை கேட்கவும் இல்லை. மூன்று நாள் சீருடை போட்டு, ரெட்டைச் சடை பின்னி, பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்றாள். இதை முருகேசன் பார்த்தார். பால்காரர் பார்த்தார். ஊராட்சி மன்றத்துக்காரர்கள் பைக்கில் போகும்போது பார்த்தார்கள். இதை எழுதுகிறவனும் பார்த்தான், சும்மா சொல்லக்கூடாது, நானும் வண்டியை நிறுத்தவில்லை. யாராவது ஒருத்தர் ஏம்மா இங்கே நிற்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நாலாம் நாள் அவள், தறிவேலைக்குப் போகும் சித்தியோடு ஷேர் ஆட்டோவில் ஏறிக் காஞ்சிபுரம் போனாள், அதிலிருந்து தினமும் போய்வந்தாள்.

ஒரு பிள்ளை நின்றுவிட்டால் பெயரை அடிப்பது பள்ளிக்கூடத்தில் அவ்வளவு சுலபம் இல்லை. தலைமையாசிரியர் மணிவண்ணன் நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்த மனுஷர். தலை எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் பணியிடம் உபரி என்று எங்கேயோ போய்விடும். ஆகவே நின்றுபோன பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் அப்படியே வைத்து, தினமும் வந்ததாகக் கோடு போடும்படி வாய்மொழியாகச் சொல்லிவைத்திருந்தார். அந்த வருஷம் ஒன்பதிலும் பத்திலுமாக ஆறு பேர் அப்படி இருந்தார்கள். மற்ற ஆசிரியர்கள் கூப்பிடாமலே கோடு போட்டார்கள். பெரியநாயகிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கூப்பிடாமல் கோடு போட்டால் பொய், கூப்பிட்டுவிட்டுப் போட்டால் பாதிப் பொய் என்று தனக்குள் ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டு, தினமும் “திரிஷா” என்று வாய்விட்டுக் கூப்பிட்ட பிறகே கோடு இழுத்தார். விடுமுறை முடிந்து திறந்ததிலிருந்து எட்டு நாள் இப்படிக் கூப்பிட்டார். ஒன்பதாம் நாள்தான் குரல் வந்தது.

டீச்சர் பயந்திருக்க வேண்டும், பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால் டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது. கூப்பிட்டால் பதில் வருகிறது, அப்புறம் என்ன பொய். குரல் ஒழுங்காக வந்தது, மற்றப் பிள்ளைகளைவிட நேரத்துக்கு வந்தது. வாய்ப்பாடு ஒப்பித்தது, தமிழ்ப் பாடத்தில் செய்யுளைப் பிசகாமல் சொன்னது. சேதி தலைமையாசிரியர் காதுக்கு எட்டியதும் அவர் மற்ற ஐந்து பெயரையும் அதேபோலக் கூப்பிடச் சொன்னார். பத்து நாளுக்குள் ஐந்து குரலும் வந்து சேர்ந்தன. நவம்பர் முதல் வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி வராந்தாவில் நின்றபடியே காதால் வருகையைச் சரிபார்த்து, பள்ளியில் இடைநிற்றல் அறவே இல்லை என்று பாராட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு எல்லாருக்கும் முருகேசன் கடையிலிருந்து டீயும் வடையும் வந்தது.

காஞ்சிபுரத்தில் திரிஷா ஊமையாகிவிட்டாள். தறிவீட்டில் அதை யாரும் கோளாறாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றப் பெண்கள் பேசிக்கொண்டே இழையைத் தப்பவிடுவார்கள், இந்தப் பெண் வாயே திறக்கமாட்டாள், தங்கமான பிள்ளை என்று தறிக்காரர் சித்தியிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். வயசு என்ன என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவளால் சொல்ல முடிந்திருக்காது. வீட்டில் மரியம்மாள் தொண்டையில் சளி கட்டியிருக்கிறது என்று நினைத்துத் துளசியும் மிளகும் காய்ச்சிக் கொடுத்தாள். சிட்டிபாபு பெண் கோபத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தார். தன்மேல்தான் அந்தக் கோபம் என்பது அவருக்குத் தெரியும், அதனால் அவரும் எதுவும் கேட்கவில்லை.

முதலில் புரிந்துகொண்டது அங்கம்மாள். நெடுஞ்சாலை பஸ் நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவள், அந்த வருஷம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாகவும் இருந்தாள். காலனிக்காரி, யாருக்கும் கூழைக்கும்பிடு போடாதவள். ஆட்டோவுக்குக் காத்திருக்கும் திரிஷாவிடம் தினமும் ஏதாவது கேட்பாள். அந்தப் பெண் வாயைத் திறப்பாள், உதடு அசையும், ஒன்றும் கேட்காது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சீக்கிரமே வேலை முடிந்து ஆட்டோவிலிருந்து இறங்கிய திரிஷா உச்சி வெயிலில் சாலையைக் கடந்தாள். அவளோடு இறங்கிய மூன்று பேருக்கும் காலடியில் நிழல் இருந்தது, அவளுக்கு இல்லை. திங்கட்கிழமை காலையில் அங்கம்மாள் இட்லிப்பானையை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மூன்றாம் பெஞ்சில், ஜன்னல் வெளிச்சத்தில், ரெட்டைச் சடை போட்ட நிழல் ஒன்று குனிந்து எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. பிள்ளைகளுக்கு அது பழகிப்போயிருந்தது. சிம்ரன் அதன்மேல் பை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கம்மாள் தலைமையாசிரியர் அறையில் உட்காராமல், கத்தாமல், பார்த்ததைச் சொன்னாள். நீங்கள் இங்கே போடுகிற ஒவ்வொரு கோட்டுக்கும் அந்தப் பிள்ளையிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்கிறீர்கள் என்றாள்.  தப்பைத் திருத்துகிறேன் பேர்வழி என்று மணிவண்ணன் அப்போதே பதிவேட்டை எடுத்து, முதலில் நின்றுபோன சந்தோஷ்குமாரின் பெயரை, சிவப்பு மையால் அடித்தார். ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் வாசித்துக்கொண்டிருந்த சந்தோஷ்குமாரின் குரல் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. திரும்ப வரவில்லை. வாலாஜாபாத் பக்கம் வாட்டர் கேன் வண்டியில் போய்க்கொண்டிருந்த சந்தோஷ்குமாருக்கும் வரவில்லை. சென்னை கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள், தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அன்றோடு சிவப்புப் பேனா பீரோவுக்குள் போய்விட்டது. பெரியநாயகி கூப்பிடுவதையாவது நிறுத்திப் பார்த்தார். இரண்டு நாள் திரிஷாவின் பெயரைத் தாண்டிப் போனார். இரண்டு நாளும் அந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில், யாரும் கூப்பிடாமலே, “உள்ளேன் டீச்சர்” என்றது குரல். பெயரை வைத்திருந்தாலும் அவள் கரைவாள், அடித்தாலும் போனது போனதுதான். அவளே உடம்போடு வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒழிய வேறு வழி இல்லை என்பது அன்று எல்லாருக்கும் விளங்கியது. அழைத்துவரச் சித்தியை அனுப்பினார்கள், சிம்ரனை அனுப்பினார்கள். திரிஷா கேட் வரைக்கும் வந்தாள். அதைத் தாண்ட அவள் கால் நகரவில்லை. அப்பாவோடு வந்தால்தான் உள்ளே என்று சொன்ன சொல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, சொன்ன டீச்சரே ஓடிவந்து நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை.

கார்த்திகை பாதியில் எடை போக ஆரம்பித்தது. மூன்றாம் பெஞ்சின் பலகை ஆள் உட்கார்ந்ததுபோல் லேசாக வளைந்தது. தறிவீட்டில் திரிஷா குந்தி உட்கார்ந்தால் தரையில் நிலைக்கவில்லை, தறிக்காரர் அவள் மடியில் ஒரு நூல்மூட்டையை வைத்துவிட்டு வேலையைத் தொடரச் சொன்னார். இரண்டு நாளில் அதுவும் போதாமல், வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மரியம்மாள் மகளின் சாப்பாட்டுப் பையில் இரண்டு செங்கல் வைத்துத் தோளில் மாட்டி, அதோடுதான் கொல்லைக்கே அனுப்பினாள். ரேஷன் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். செப்டம்பரில் பள்ளி மருத்துவ முகாமில் நாற்பத்தொரு கிலோ இருந்த பெண், இப்போது செங்கல் இல்லாமல் நாலு கிலோ இருநூறு கிராம். காலனியில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு இதைப் பற்றிப் பேசினார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வானிலைக்காரர்கள் வங்கக்கடலில் புயல் கட்டியிருக்கிறது, வியாழக்கிழமை கரையைத் தொடும், காற்று எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் என்றார்கள். எண்பது கிலோமீட்டர் காற்றுக்கு நாலு கிலோ பிள்ளை எம்மாத்திரம். ஓட்டுவீட்டுக்குள் வைத்துப் பூட்டினாலும் ஓடு பறந்தால் அவளும் போய்விடுவாள் என்பது மரியம்மாளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது.

செவ்வாய் சாயங்காலம் பெரியநாயகி டீச்சர் காலனிக்கு வந்தார். பக்கத்து ஊர் நிலபுலம் உள்ள குடும்பம். அந்தப் பள்ளியில் பதினேழு வருஷமாக வேலை, காலனி வழியாகத்தான் தினமும் ஸ்கூட்டியில் போகிறார், ஒருநாளும் இறங்கியதில்லை. அன்று இறங்கினார். அங்கம்மாள் வழி காட்டினாள். வீட்டுக்குள் திரிஷா கட்டில் காலில் சேலைத் துண்டால் கட்டிவைக்கப்பட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து கணக்குப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மரியம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். புயல் பேச்சையும் மீறி அந்தச் சொம்புத் தண்ணீரைப் பற்றிக் காலனியில் இரண்டு நாள் பேசினார்கள். சிட்டிபாபு சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் அவரிடம் நாளைக்கு ஒரே ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். கெஞ்சினார் என்றே எழுதுகிறேன், வேறு வார்த்தை இல்லை.  சிட்டிபாபு மகளைப் பார்க்காமல், டீச்சரையும் பார்க்காமல் பேசினார்.

“நானும் அந்த ஸ்கூலுதான் டீச்சர். எட்டாவது. எங்கப்பாவக் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க. அவரு கழனியில வரப்பு அண்டை வெட்டிக்கினு இருந்தவரு, முட்டி வரிக்கும் சேத்தோட அப்பிடியே ஓடியாந்தாரு. கதவாண்ட நிக்க வச்சிட்டாங்க. அரை மணி நேரம். கிளாஸே சிரிச்சுது. எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு நானும் சிரிச்சிட்டேன். எங்கப்பா என்னப் பாத்தாரு. அத்தோட நான் போவல. எம் பொண்ணு முன்னால நான் அப்பிடி நிக்கறப்போ அவ சிரிச்சிட்டான்னா, அப்பால நான் இன்னாத்துக்கு இருக்கணும்?”

 கட்டில் பக்கம் திரிஷாவின் உதடு வேகமாக அசைந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. சிரிக்கமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய குரல் ஏரிக்கரையில் பூட்டிய வகுப்புக்குள் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடப்பட்ட அப்பா அம்மா நிற்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, எந்தத் தலைமையாசிரியரும் உத்தரவு போடவில்லை, செருப்பை வெளியே விட்டுக் கதவோரம் கைகட்டி நிற்பார்கள், அவ்வளவுதான். முப்பது தடவை அப்பாவாகப் போன முருகேசனே உட்கார்ந்ததில்லை. நின்றவர்களுக்கும் நிற்கவைத்தவர்களுக்கும் அது தப்பென்று தோன்றியதில்லை. ஸ்கூட்டி வரைக்கும் கூட வந்த அங்கம்மாள்தான் டீச்சரிடம் அதைச் சொன்னாள். அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள் டீச்சர், வேறொன்றும் வேண்டாம் என்றாள். டீச்சர் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டே காலனியைக் கடந்து போனார், ஊர் எல்லை வந்த பிறகுதான் ஏறினார்.

புதன்கிழமை காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. பதினொரு மணிக்கு, மறுநாள் முதல் மூன்று நாள் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. மற்ற நாளாக இருந்தால் பிள்ளைகள் குதித்திருப்பார்கள், அன்று பத்தாம் வகுப்பில் எல்லாரும் மூன்றாம் பெஞ்சைத்தான் பார்த்தார்கள். சாயங்காலம் நாலு பத்துக்குப் பள்ளி மூடினால் திங்கட்கிழமைதான் திறக்கும், திங்கட்கிழமைக்கு முன்னால் காற்று வந்துவிடும். மழைக்காக வேலை இல்லாமல் வீட்டில் இருந்த சிட்டிபாபுவிடம் அங்கம்மாள் போனாள். பேசிப் பார்க்க அவளிடம் புதிதாக எதுவும் இல்லை.

“டீச்சரு நாற்காலி போட்டுக்கினு உக்காந்திருக்காங்கபா. உனக்கு. போய்ப் பாரு. போடலன்னா வாசலோட திரும்பிக்கோ, நானே உங்கூட வந்துர்றேன். ஆனா பொண்ண நீ இன்னிக்கு விட்டேன்னா நாளைக்கு எந்தக் காத்துல போயி தேடுவ?”

சிட்டிபாபு சட்டை போட்டார். திரிஷாவுக்கு மரியம்மாள் சீருடை போட்டுவிட்டு, ரெட்டைச் சடை பின்னி, தன் பழைய சேலையால் மகளின் இடுப்பையும் புருஷன் இடுப்பையும் சேர்த்து மூன்று முடிச்சாகக் கட்டினாள். வெளியே காற்று அப்போதே தென்னை மட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தெரு முனை வருவதற்குள் திரிஷா இரண்டு தடவை அப்பாவின் தலைக்கு மேலே எழும்பிவிட்டாள், கொடியில் காயும் பாவாடை போலத் துடித்தாள். சிட்டிபாபு முடிச்சைப் பிடித்துக் கீழே இழுத்தார். அதைப் பார்த்துவிட்டுக் காலனிக்காரர்கள் சொல்லாமலே வந்து காற்று வருகிற பக்கமாக நெருக்கியடித்து நடந்தார்கள். அதில் இருபது பேருக்குமேல் எட்டிலோ ஒன்பதிலோ நின்றவர்கள். ஊர்த்தெருவில் நுழைந்தபோது முப்பது பேர். ஊர்க்காரர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், வழக்கமாக அப்படித்தானே. முதலில் வந்தவர் முருகேசன், பள்ளி வாசல் டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு எதிரே வந்தார். பிறகு பால்காரர். பிறகு நான். அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, எல்லாம் இல்லை, பாதி. ஏரிக்கரையில் மறைப்பே கிடையாது, காற்று நேராக வந்து அடிக்கிற இடம். அங்கே எண்பது பேர் மூன்று வரிசையாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சுவர் மாதிரி நகர்ந்தோம். உள்ளே நடுவில் சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். யாருடைய கை யார்மேல் படுகிறது என்று அன்று ஒருவரும் பார்க்கவில்லை.

கேட்டில் சிட்டிபாபு நின்றார். முப்பது வருஷத்துக்கு முந்தைய அரை மணி நேரம் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். யாரும் தள்ளவில்லை. அவரே காலை எடுத்து வைத்தார். இடுப்பு முடிச்சோடு சேர்ந்து திரிஷாவும் உள்ளே வந்தாள், கேட் அவளைத் தடுக்கவில்லை.

வகுப்பு வாசலில் அவர் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றுவிட்டார். கை தானாகக் கட்டிக்கொண்டது. மேஜைக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்தபடி, டீச்சரின் கை வைத்த மரநாற்காலி போடப்பட்டிருந்தது. அந்த வகுப்பில் இருந்த ஒரே நாற்காலி அதுதான். பெரியநாயகி வாசலுக்கு வந்து, உள்ளே வாங்க, உக்காருங்க என்றார். சிட்டிபாபு பரவாயில்லை என்றார். இரண்டாவது தடவையும் பரவாயில்லை என்றார். மூன்றாவது தடவை உட்கார்ந்தார், நுனியில். டீச்சர் அவர் பக்கத்தில் நின்றார். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. அவரோடு கட்டப்பட்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மிதந்த மகள் சிரிக்கிறாளா என்று சிட்டிபாபு மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். திரிஷா அழுதுகொண்டிருந்தாள்.

“இந்தப் பொண்ணு கணக்குல பதிமூணு வாங்கினா. அது நான் சொல்லிக்குடுத்த லட்சணம். அவள வெளிய நிக்கச் சொன்னது என் தப்பு” என்றார் பெரியநாயகி, பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்கும்படி.  பிறகு பதிவேட்டைத் திறந்து, “திரிஷா” என்று கூப்பிட்டார்.

மூன்றாம் பெஞ்சிலிருந்து பதில் வரவில்லை. ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக அந்த இடம் மௌனமாக இருந்தது. வெளியே நின்ற எங்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் உயிரே போய்விட்டது, சந்தோஷ்குமாருக்கு ஆன கதிதான் என்று நினைத்துவிட்டோம். மரியம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அப்புறம் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து, துரு ஏறிய கதவு திறக்கிற மாதிரி, “உள்ளேன் டீச்சர்” என்று வந்தது. சொன்ன அடுத்த நிமிஷம் திரிஷா பொத்தென்று தரையில் விழுந்தாள், முட்டி இரண்டும் சிராய்த்து ரத்தம் வந்தது. சிட்டிபாபு அவளைத் தூக்க முயன்று, கனத்தால் தடுமாறினார். தடுமாறியதும் அவரும் அழுதுவிட்டார். எழுந்து நின்றவள் முதலில் சொன்ன வார்த்தை, ரொம்ப வலிக்குதுப்பா என்பது.

வியாழக்கிழமை புயல் வந்து, காலனியில் பதினோரு வீட்டு ஓட்டைக் கொண்டுபோயிற்று. சிட்டிபாபு வீட்டு ஓடும் போனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தபோது திரிஷாவின் நிழல் அவள் காலடியில் இருந்தது. திங்கட்கிழமை பள்ளி திறந்ததும் அங்கம்மாளும் டீச்சர்களும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனார்கள், அரையாண்டுக்குள் நான்கு பேரும் அப்பா அம்மாவோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். முருகேசன் கடையிலிருந்து ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் பள்ளிக்கு நிரந்தரமாகப் போயின. சந்தோஷ்குமாரும் வந்தான், குரல் இல்லாமலே வந்தான், அவன் பெயரைப் பச்சை மையால் திரும்ப எழுதினார்கள். அவன் இனி பேசுவான் என்று யாரும் அவனிடம் பொய் சொல்லவில்லை. மணிவண்ணன் உள்ளது உள்ளபடி எண்ணிக்கை அனுப்பினார், ஒரு பணியிடம் போகும் என்று பயந்தார், இதுவரை போகவில்லை, நாளைக்குப் போனாலும் போகலாம். ஒரு நாள் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் இப்போது பத்து மணிக்குள் யாராவது ஒருத்தர் அந்த வீட்டு வாசலில் நிற்கிறோம். நல்ல எண்ணத்தில் மட்டும் இல்லை, பயத்திலும்தான்.

திரிஷாவின் எடைதான் முழுசாகத் திரும்பவில்லை. டிசம்பரில் இருபத்திரண்டு கிலோ வரைக்கும் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. மீதிப் பத்தொன்பது கிலோ எங்கே என்று தேடாத இடம் இல்லை. மூன்றாம் பெஞ்சைக் கழற்றிக்கூடப் பார்த்தார்கள். திரிஷா ஏப்ரலில் பொதுத்தேர்வு எழுதினாள், கணக்கில் ஐம்பத்தெட்டு. இப்போது நாலு கிலோமீட்டர் தள்ளி மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. ஆடி பிறந்துவிட்டதால் ஏரிக்கரையில் காற்று பலமாக இருக்கிறது. காலனி முனையில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறோம். அதில் திரிஷாவை இந்த வாரம் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியவர்களின் பெயர்களை சிம்ரன் எழுதிவைப்பாள். திங்கள், செவ்வாய் சிம்ரனும் அஜித்தும், புதன் பால்காரரும் மரியம்மாளும், இப்படிப் போகும். காற்று தூக்கினால் பிடித்திருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமல் அவளைக் கீழே இழுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கோ கடைக்கோ போகவேண்டியிருந்தால் அது சிட்டிபாபுவின் முறை.